சீனத்து நீலப் பீங்கான்

பீங்கான் என்னும் சொல்லை நாம் நாடோறும் வழங்குகின்றோம். ஆயினும் அது தமிழ்ச் சொல்லன்று. பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறிக்கும் பிங்கான் என்னும் சொல்லே நம் மொழியில் வந்து பீங்கான் என நிலைத்தது என்பர் அகராதி நூலார். மலாய் மக்களும் தட்டினைப் பிங்கான் என்றே கூறுவர். ஆங்கிலேயர் இக்கலத்தை அது பிறந்த நாட்டின் பெயராலேயே ‘சைனா’ என்று வழங்கினர். அவர்தம் மற்றொரு சொல்லாகிய ‘போர்சிலேன்’ என்பதோ இத்தாலியர் சோழிக்கு இட்ட பெயராகும். சோழியின் வெண்மையும் வழவழப்பும் அக்கலத்திலும் விளங்கக் கண்டு அப்பெயரை ஏற்றினர். ஒரு பொருள் நாடு கடந்து செல்லுந்தோறும் வெவ்வேறு பெயர் பெறுதல் புதுமையன்று. ஆனால், வெண்ணிலத்தில் நீலக் கோலம் எழுதிய சீனப் பீங்கானைப் பொறுத்தவரையில் பெயர் மட்டுமன்றி, நிறமும் ஒரு காலத்தில் அயல்நாட்டினின்று வந்தது என்று ஆராய்ச்சியாளர் காட்டுகின்றனர். கண்டார் எல்லாரும் ஒரு நோக்கில் ‘இது சீனருடையது’ என்று சொல்லத்தக்க ஒரு கலையிற் பாதி பிற நாட்டது எனின், அக்கலையை யாருடையது என்பது? இவ்வினாவை உளத்திற்கொண்டு அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

முதற்கண், பீங்கான் இன்னதென அறிதல் வேண்டும். நம் ஊர்க் குயவர் வனையும் கலம் சூளையில் வெந்த பின்னும் நீரை உறிஞ்சும் இயல்புடையது. அதனாலன்றோ மண்பானைத் தண்ணீர் குளிர்கின்றது! பீங்கான் அத்தன்மையதன்று. நீர் அதனுட் புகாது. மெல்லிய கிண்ணமாயின் ஒளி அதனூடே தோன்றும். விரலாற் சுண்டினால் மணியோசை எழும். இவ்வியல்புக்குக் காரணமான பொருள்கள் இரண்டு. ஒன்று கயோலின் என்னும் வெண்களிமண். சீனத்தின் தென்பாகத்தில், சியாங்சி மாகாணத்தில், சிங்டெசென் என்னும் குயவர் நகரத்திற்கு அணித்தாக உள்ளது கவோலிங் என்னும் ஊர். ‘உயர்ந்த மேடு’ என்பது அதன் பொருள். அவ்வூர்ப் பெயரே மண்ணுக்கு ஆயிற்று. மற்றொன்று பெடுன்ட்சே எனப்படும் ஒருவகைக் கல். ஓடும் நீரின் வலியால் இயங்கும் உலக்கைகளைக்கொண்டு அக்கல்லை மாவாக இடித்து, நீரிற் கரைத்துத் தெளியவிட்டு, வண்டலைச் சிறு வெண்கட்டிகளாக அறுத்துக் குயவர்க்கு விற்பர். இவ்விரண்டும் கலந்த மண்ணில் வனைந்த கலத்தைச் சென்டிகிரேடு 1300 பாகை அளவு வெப்பத்தில் வேகவைக்குங்கால், கல் உருகிக் கண்ணாடிபோற் பரவும். கயோலினோ உருகாது நின்று கலத்தின் வடிவத்தைத் தாங்கும். கயோலினை எலும்பு என்றும் கல்லைத் தசை என்றும் அந்நாட்டுத் தொழிலாளர் கூறுவராம். இவ்வுவமையினும் தெளிவாக இரசாயன நூலார் யாதும் கூறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி நீலத்தைப் பற்றிக் கூறுவோம். அது கோபால்ட் என்னும் உலோகத்தின் தாதுவால் ஆவது. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர், வெள்ளி கிடைக்கும் என்று தோண்டிய இடத்தில் வெள்ளியின்றி நச்சுப் புகை மட்டும் எழுப்பிய தாதுவைக் கண்டு, ‘கோபோல்ட்’ என்னும் குறளிப் பேய் செய்த வஞ்சனை இது என்று நினைத்தனர். அப்பேயின் பெயரே இவ்வுலோகத்திற்கு நின்றது. இத்தாதுவை நுண்ணிதாக அரைத்து நீரிற் குழைத்து, சூளையிற் புகாத பச்சைக் கலத்தின் மேல் தூரிகையால் எழுதுவர். எழுதும்பொழுது அது நீலமாக இராது. கருமையும் சாம்பலும் கலந்த ஒரு மங்கிய நிறமாகவே தோன்றும். உலர்ந்த மண் மையை உடனே உறிஞ்சிவிடுதலின், ஒருமுறை இட்ட கோட்டை அழித்தெழுதல் இயலாது. அதன் மேல் கண்ணாடி மெருகு பூசிச் சூளையில் ஏற்றுவர். சூளை தணிந்து கலம் வெளிவரும்பொழுதே எழுதினவன் தன் நீலத்தைக் காண்பான். 1300 பாகை வெப்பத்தில் பெரும்பாலான வண்ணங்கள் கரிந்தும் பறந்தும் போக, கோபால்ட் நீலம் ஒன்றே தளராது நிற்கும். செம்பினால் வரும் சிவப்பும் ஓரளவு நிற்குமாயினும், அது குயவன் சொற்படி நடப்பதன்று. மெருகுக்கு அடியில் இருத்தலின் நீலக் கோலம் பன்னூறு ஆண்டு கைபட்டும் தேய்வதில்லை.

வெள்ளை நிலத்தில் நீலம் எழுதும் வழக்கம் எங்கே தோன்றியது? சீனத்தில் என்று விடை கூறவே நாம் விரைவோம். ஆனால் கி. பி. 9-ம் நூற்றாண்டில், இராக் நாட்டுப் பஸரா நகரக் குயவர் இதனைச் செய்தனர். சீனத்து வெள்ளைக் கலங்கள் அரபு வாணிகரால் அந்நாட்டிற்கு வந்தன. கலீபாக்களின் அரண்மனையிலும் செல்வர் மனையிலும் அவற்றிற்கு மதிப்பு மிகுந்தது. அவற்றைப்போலச் செய்ய விரும்பிய பஸராக் குயவர்க்கு வெண்களிமண் கிடைத்திலது. சூளையின் வெப்பமும் போதாது. ஆகவே, அவர் தம் மஞ்சள் மண்ணின் மேல் வெள்ளீயம் கலந்த பூச்சினைப் பூசி வெண்மையை வருவித்தனர். மண்ணில் இல்லாத வெண்மையை மேலே போர்த்தினர் என்க. அங்ஙனம் போர்த்த வெண்மையின் மேல் இலையும் பூவும் அரபு எழுத்தும் நீலத்தால் எழுதினர். போலி செய்யப் புகுந்தவர், போலிக்கு முதலாயிருந்த கலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தமை ஈண்டு நோக்கற்பாலது.

ஏறத்தாழ அக்காலத்திலேயே சீனத்திலும் ஹோனான் பகுதியின் கோங்சியன் சூளைகளில் நீலம் எழுதிய கலங்கள் சில ஆக்கப்பட்டன. இதற்குச் சான்று கடலின் அடியிற் கிடைத்தது. 1998-ம் ஆண்டில், சுமாத்திராவுக்குக் கிழக்கேயுள்ள பெலித்தோங் தீவின் அருகே, ஒரு பழங்கப்பலின் சிதைவைக் கண்டனர். அஃது ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மேற்கு ஆசிய முறைக் கப்பல். அதிற் கிடைத்த ஏறத்தாழ 60,000 கலங்களுள் ஒரு கிண்ணத்தில் கி. பி. 826-ம் ஆண்டுக்கு ஒத்த சீன ஆண்டு பொறித்திருந்தது. அத்துணைக் கலங்களின் இடையே நீலம் எழுதிய தட்டுக்கள் மூன்றே இருந்தன. அவற்றின் கோலமும் இராக் நாட்டுக் கலங்களின் கோலத்தை ஒத்தது. முழுமையாகக் கிடைத்த சீன நீலக் கலங்களுள் இவற்றினும் பழையன இல்லை. இன்று அவை சிங்கப்பூர் அரும்பொருட்சாலையில் உள்ளன. ஆனால் இம்முயற்சி சீனத்தில் வேர்கொள்ளவில்லை. அடுத்து வந்த சோங் அரசர் காலத்துச் சான்றோர் வண்ணக் கோலத்தை விரும்பாது, பச்சை மணி போன்ற மெருகையும் ஒரு நிறக் கலங்களின் அமைதியையுமே போற்றினர்.

நீலம் மீண்டும் எழுந்தது மங்கோலியர் ஆட்சியில். 13-ம் நூற்றாண்டில் சீனமும் பாரசீகமும் செங்கிஸ்கான் வழித்தோன்றல்களின் கைப்பட்டன. சீனத்தில் யுவான் மரபினரும் பாரசீகத்தில் ஹுலாகு மரபினரும் உறவினராய் ஆண்டமையின், இரு நாட்டிற்கும் இடையே ஆளும் பொருளும் தடையின்றிச் சென்றன. 1278-ம் ஆண்டில் யுவான் அரசு சிங்டெசென் சூளைகளைக் கண்காணிக்க ஓர் அலுவலகம் ஏற்படுத்தியது. பாரசீகத்திலோ காசான் நகரம் குயத்தொழிலிற் பேர்பெற்று விளங்கியது. அந்நகரத்து அபுல் காசிம் என்பார் 1301-ம் ஆண்டில் தம் தொழில்முறையைப் பற்றி எழுதிய நூலில், அருகிலுள்ள காம்சர் என்னும் ஊரில் நீலத்தாது கிடைப்பதைக் குறித்துள்ளார். சீனத்து நீலத்தாதுவில் மாங்கனீஸ் மிகுதி. ஆகையால் நிறம் சற்றுச் சாம்பல் பூக்கும். யுவான் காலக் கலங்களின் நீலத்திலோ மாங்கனீஸ் குறைந்தும் இரும்பு மிகுந்தும் உள்ளன. இதனால் அது மேற்கிலிருந்து வந்த தாது என்பது ஆராய்ச்சியாளருட் பெரும்பாலார் துணிபு. பாரசீகர்க்கு நீலம் இருந்தது, வெண்மண் இல்லை. சீனர்க்கு வெண்மண் இருந்தது, நல்ல நீலம் இல்லை. இரண்டும் சிங்டெசென்னிற் சந்தித்தன.

இக்கலங்களைச் சீனர் யாருக்காக ஆக்கினர் என்பது அவற்றின் அளவினாலேயே விளங்கும். ஒன்றரை அடி அகலமுள்ள பெருந்தட்டுக்கள் பல அக்காலத்தனவாக உள்ளன. சீனர் சிறு கிண்ணத்தில் தனித்தனியே உண்ணும் வழக்கினர். பலர் கூடியமர்ந்து ஒரே தாலத்தில் உண்பது மேற்கு ஆசியர் வழக்கம். இத்தகைய யுவான் காலக் கலங்கள் இஸ்தான்புல் நகரத்துத் தோப்காப்பி அரண்மனையில் நாற்பது அளவில் உள்ளன. தில்லியில் துக்ளக் அரசரின் அரண்மனை இருந்த இடத்திலும் அக்காலத்து நீலத் தட்டுக்களின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. சீனத்துப் புலவர் சிலர் இப்புதுமையை இகழ்ந்தனர். 1388-ல் எழுந்த ‘கெகு யாவ்லுன்’ என்னும் கலைநூல், நீலம் எழுதிய கலம் மிகவும் நயமற்றது என்று தள்ளிவிடுகின்றது. ஒரு நாட்டின் அடையாளமாகப் பின்னாளில் மதிக்கப்பட்ட பொருளை அந்நாட்டு அறிஞரே முதலில் ஏற்றிலர்!

எனினும் இதனை அயலார் விருப்பத்திற்காக மட்டும் செய்த வாணிகச் சரக்கு என்று கொள்ளுதலும் பொருந்தாது. இலண்டன் பிரிட்டிஷ் அரும்பொருட்சாலையில், டேவிட் சாடிகள் எனப்படும் இரண்டு பூச்சாடிகள் உள்ளன. இரண்டடி உயரமும் யானைத்தலை வடிவான பிடிகளும் உடையன. அவற்றின் கழுத்தில் நீலத்தால் எழுதியுள்ள வாசகத்தால், சாங் வென்சின் என்னும் ஒருவர் தம் குடும்பத்தின் நலத்தையும் மக்களின் அமைதியையும் வேண்டி, ஒரு தூபக்காலும் இரண்டு சாடிகளும் கொண்ட தொகுதியைத் தம் நாட்டுக் கோயிலுக்குக் காணிக்கையாக வைத்தார் என்று அறிகின்றோம். காலம் கி. பி. 1351. வாங்கினவரும் சீனர், வைத்த இடமும் சீனத்துக் கோயில், டிராகன் என்னும் சீன நாகமும் தாமரைக் கொடியும் அவற்றில் எழுதிய உருவங்கள். 1929-ம் ஆண்டில் ஹாப்சன் என்பார் இவ்வாசகத்தை வெளியிட்டார். 1950-களில் ஜான் போப் என்னும் அமெரிக்க அறிஞர் இச்சாடிகளை அளவுகோலாகக் கொண்டே ஏனைய யுவான் கலங்களின் காலத்தை வரையறுத்தார். தூபக்கால் இன்றுவரை கிட்டவில்லை. வாங்குவோர் விருப்பம் ஒரு கலையைத் தொடக்கி வைக்கலாம்; தாதுவும் அயலதாகலாம். ஆயினும் எளிய ஒரு மனிதர் தம் மக்களுக்காகச் செய்யும் வேண்டுதலை எழுதுதற்கு அந்நீலத்தைத் தேர்ந்துகொண்ட அன்றே அது சீனர் உடைமை ஆயிற்று என்பது என் கருத்து.

இவ்வாணிக வழியில் தமிழரும் இருந்தனர். சிங்டெசென் கலங்கள் ஏற்றுமதியான துறைகளுட் சிறந்தது சுவான்சௌ. அந்நகரில் சகம் 1203, அதாவது கி. பி. 1281-ல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சம்பந்தப் பெருமாள் என்பார் ஆங்குச் சிவபெருமானை எழுந்தருளுவித்ததை அது கூறுகின்றது. இங்கே இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபொழுது, பச்சை மெருகுக் கலங்களோடு நீலம் எழுதிய சீன ஓடுகளும் வெளிப்பட்டன. 1405 முதல் 1433 வரை ஏழு முறை கடல்வழி வந்த சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ, இலங்கையின் காலி நகரில் நிறுவிய 1409-ம் ஆண்டுக் கல்லில், சீனம் தமிழ் பாரசீகம் ஆகிய மும்மொழியும் பொறிக்கச் செய்தார். இன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ள அக்கல்லே இக்கடலில் எவ்வெம் மொழியார் வாணிகம் செய்தனர் என்பதற்குச் சான்று.

மிங் மரபினர் காலத்தில் நீலப் பீங்கான் அரண்மனைக்குரிய கலமாயிற்று. சுவாண்டெ என்னும் அரசர் காலத்துக் (1426–35) கலங்களில் அவர் ஆட்சிப்பெயரை எழுதினர். நீலம் ஆங்காங்குத் திரண்டு கருத்து நிற்கும் அக்காலத்து அழகைப் பிற்காலத்தார் புள்ளி புள்ளியாக மை வைத்துப் போலி செய்ய முயன்றனர். 1433-ம் ஆண்டில் மட்டும் அரண்மனை வேண்டிய கலங்களின் தொகை 443,500 என்று அரசாங்கப் பதிவு கூறுகின்றது. சிறு குறை காணப்பட்டவற்றை உடைத்துப் புதைத்தனர். பிறர் கையில் அரசர் கலம் இருத்தலாகாதன்றோ!

இத்தொகையைப் படிக்கும்பொழுது அதன் பின்னுள்ள கைகளை எண்ணாதிருத்தல் அரிது. 16-ம் நூற்றாண்டின் இறுதியில் வான்லி என்னும் அரசர் மிகப் பெரிய நாகத் தாழிகளைக் கேட்டார். அவை சூளையில் வெடித்துக்கொண்டே இருந்தன. மேற்பார்வைக்கு வந்த அரண்மனை அதிகாரி தொழிலாளரை வருத்தினான். 1599-ம் ஆண்டில் துங் பின் என்னும் குயவர் தம் தோழர் படும் துயரம் பொறாது எரியும் சூளையிற் பாய்ந்து உயிர் துறந்தார் என்றும், அதன்பின் தாழிகள் பழுதின்றி வந்தன என்றும் அந்நகரத்தார் வழிவழியாகக் கூறுவர். அவரைக் காற்றுக்கும் நெருப்புக்கும் உரிய தெய்வமாக வைத்து அந்நகரத்தார் கோயில் எடுத்தனர். பன்னூறாயிரம் கலங்களை ஆக்கிய அந்நகரத்தில், நாம் பெயர் அறியும் பழங்குயவர் மிகச் சிலர்; அவருள் ஒருவர் தாம் ஆக்கிய கலத்தால் அன்றி இறந்த வகையால் நினைக்கப்படுகின்றார்.

போர்த்துக்கீசியர் கடல்வழி கண்ட பின் இக்கலங்கள் ஐரோப்பாவுக்கு மிகுதியாகச் சென்றன. 1603-ம் ஆண்டில் ஒல்லாந்தர் சிங்கப்பூர்க் கடலருகே சாந்தா கத்தரீனா என்னும் போர்த்துக்கீசியக் கப்பலைக் கைப்பற்றினர். அதிலிருந்த பீங்கான் ஏறத்தாழ ஓரிலட்சம் என்பர். அடுத்த ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட, பிரெஞ்சு அரசரும் ஆங்கில அரசரும் ஆள் வைத்து வாங்கினர். பிறர் கப்பலைக் கொள்ளை கொண்டது முறையே என்று வழக்குரைக்க அமர்ந்தவர் குரோஷியஸ் என்னும் இளைஞர். கடல் எல்லார்க்கும் பொது என்று அவர் 1609-ல் வெளியிட்ட நூல் சர்வதேசச் சட்டத்தின் மூலநூல்களுள் ஒன்றாக இன்றும் கற்பிக்கப்படுகின்றது. பாரசீகத்து ஷா அப்பாஸ் 1611-ல் அர்தபீல் நகரத்துத் திருச்சமாதிக்கு ஆயிரத்திற்கு மேற்பட்ட கலங்களை அளித்ததும் இக்காலத்ததே.

கப்பலிற் பீங்கான் ஏற்றும் முறை அறிந்துகொள்ளத் தக்கது. தேயிலைக்கு ஈரம் பகை; பீங்கானுக்கு ஈரத்தால் தீங்கில்லை; எடையும் உண்டு. ஆதலின் அதனைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலின் அடித்தட்டில் பரப்பி, மேலே தேயிலையை வைத்தனர். 1752-ல் தென்சீனக் கடலில் மூழ்கிய கெல்டர்மால்சன் என்னும் ஒல்லாந்தக் கப்பலின் தேயிலை மக்கிப்போக, 1985-ல் அதிலிருந்து ஓரிலட்சத்து ஐம்பதாயிரம் அளவில் பீங்கான் வெளிவந்தது.

1644-ல் மிங் ஆட்சி வீழ்ந்த குழப்பத்தில் சிங்டெசென் சூளைகள் அவிந்தபொழுது, ஒல்லாந்தர் ஜப்பானின் அரிதா நகரை நாடினர். ஜப்பானியர் கொரியாவின்மேற் படையெடுத்து (1592–98) கொணர்ந்த குயவரால் ஆங்கு அத்தொழில் வேரூன்றியிருந்தது. ஒல்லாந்தில் டெல்ஃப்ட் நகரக் குயவர் வெண்மண் இன்மையால் வெள்ளீயப் பூச்சினை மேற்கொண்டு, அதன் மேல் நீலம் எழுதினர். பஸராக் குயவர் எண்ணூறு ஆண்டுக்கு முன் கண்ட அதே வழி, அரபியர் வாயிலாக ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் சென்று, டெல்ஃப்ட் வரை வந்தது.

மெய்யான பீங்கானை ஐரோப்பாவில் முதன்முதல் ஆக்கியது சாக்சனி நாடு. அதன் மன்னர் அகஸ்டஸ் பீங்கான் பித்துக் கொண்டவர். 1717-ல் அவர் பிரஷ்ய அரசர்க்குத் தம் குதிரைவீரர் 600 பேரைக் கொடுத்து, 151 சீனக் கலங்களைப் பெற்றார். நீலத்தாழிகள் சில இன்றும் ‘டிராகூன் தாழிகள்’ என்று வீரர் பெயரால் வழங்குகின்றன. மாற்றப்பட்ட வீரருள் ஒருவர் பெயரேனும் அத்தாழிகளின் அருகே எழுதப்படவில்லை. பொன் செய்வேன் என்று சொல்லி அவர் காவலில் அகப்பட்ட போட்கர் என்னும் இளைஞன், சிர்ன்ஹவுஸ் என்னும் அறிஞரோடு கூடி, 1708-ல் வெண்பீங்கானின் மறையைக் கண்டான். 1710-ல் மைசென் தொழிற்சாலை தோன்றியது.

இவற்றினின்று வேறான வழியிற் செய்தி கொணர்ந்தவர் தாந்திரகோல் என்னும் ஏசுசபைப் பிரெஞ்சுப் பாதிரியார். சிங்டெசென்னில் ஊழியம் செய்த அவர், 1712-லும் 1722-லும் எழுதிய நீண்ட கடிதங்களில் மண்ணையும் மெருகையும் சூளையையும் விரித்துரைத்தார். ஒரு கலத்தில் ஓரக்கோடு இழைப்பவர் ஒருவர், பூவின் எல்லை வரைபவர் மற்றொருவர், நீலம் நிரப்புபவர் வேறொருவர். எழுபது கைகள் மாறி ஒரு கலம் முற்றுப்பெறும் என்றார். எலும்பும் தசையும் என்ற உவமையை நாம் அறிந்ததும் அவராலேயே. அத்தொழிலில் இருந்த கிறிஸ்தவர்களிடமிருந்தே அவர் பலவற்றை அறிந்தார். தம் ஆயரை நம்பித் தொழில் மறையைக் கூறின அவ்வேழைகள், அச்செய்தி கடல் கடந்து தம் சரக்குக்கே போட்டியாகும் என்று எண்ணியிருப்பரோ? பாதிரியாரின் ஆராய்ச்சித் திறனை மெச்சும் என் மனம் இவ்விடத்திற் சிறிது தயங்குகின்றது. அக்கடிதங்களின் செய்தியைப் படித்த குக்வொர்தி என்னும் ஆங்கில மருந்து வணிகர், கார்ன்வால் பகுதியில் கயோலினைத் தேடிக் கண்டு, 1768-ல் பீங்கான் செய்யும் உரிமைப் பட்டயம் பெற்றார்.

அதன்பின் போலியும் மூலமும் ஒன்றோடொன்று மயங்கின. மைசென் ஓவியர் சீனத் தட்டிலிருந்த மாதுளம் முதலிய கனிகளை நீலத்தால் எழுத, கனியை அறியாத மக்கள் அவற்றை வெங்காயம் என்று கொண்டனர். ‘வெங்காயக் கோலம்’ என்றே அது இன்றும் விற்கின்றது. இங்கிலாந்தில் 1790-ஐ ஒட்டி, செப்புத் தகட்டிற் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் அச்சிட்டுக் கலத்தில் ஒற்றும் முறையால், அலரி போன்ற தழை தாழ்ந்த வில்லோ மரமும், பாலமும், மூன்று மனிதரும், இரண்டு புறாக்களும் அமைந்த ‘வில்லோ’ கோலம் எழுந்தது. பிரிந்த காதலர் புறாக்களாக மாறிய சீனக் கதை அதில் எழுதப்பட்டுள்ளது என்று விற்போர் கூறினர். அப்படி ஒரு கதை சீனத்தில் இல்லை. அஃது இங்கிலாந்திற் கட்டியது. அக்கோலமே தமக்கு வேண்டும் என்று மேனாட்டு வாணிகர் கேட்கவே, சீனக் குயவரும் அந்த ஆங்கிலேயச் சீனத்தைப் பார்த்தெழுதி, சூளையிலிட்டு, கப்பலேற்றி அனுப்பினர்.